இன்ஜின் நின்றிருந்த நேரம்

குன்னூரிலிருந்து கீழே பர்லியாறைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கியிருப்பாள் செசிலி. முன்னால் போன டூரிஸ்ட் பஸ் நின்றது. அவளும் நிறுத்தினாள். நிறுத்திய கையோடு காரின் இன்ஜின் தானாக அணைந்தது. அணையத்தான் செய்யும், ஹைப்ரிட் வண்டி அப்படித்தான், நின்றால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு பாட்டரியில் காத்திருக்கும், கெட்டுப்போய் நிற்கவில்லை, பச்சை எழுத்தில் ‘ரெடி’ என்று எரிகிறதே போதாதா, வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இருந்தாலும் ஒவ்வொரு தடவை அது அணையும்போதும் அந்தப் பச்சை எழுத்தைத் தேடிப் பார்க்கிறாள். இன்ஜின் அணைந்ததும் பின் சீட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. புஸ். அவள் கணவர் அருளப்பன் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் வைத்திருக்கும் மெஷின் ஒரு வாய் ஆக்சிஜனை மூக்குக் குழாயில் தள்ளுகிற சத்தம். கைப்பை அளவு மெஷின். புஸ். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம்தான் அவளுக்கு ஆகாது. அடுத்த புஸ் வருகிறவரை அவளும் மூச்சு விடாமல் இருப்பாள், இருப்பதே தெரியாமல் இருப்பாள், வந்த பிறகு நெஞ்சு இறங்கும்போதுதான் அட, நானும் பிடித்துக்கொண்டல்லவா இருந்தேன் என்று தெரியும். அருளப்பனின் பழைய டீசல் வேனில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. அது நின்றாலும் உடம்பெல்லாம் குலுங்கிக்கொண்டு நிற்கும், கண்ணாடி குலுங்கும், டாஷ்போர்டில் மாதா சொரூபம் குலுங்கும், பேசுகிற வார்த்தைகூட நடுங்கித்தான் வெளியே வரும். அந்த வேனில் உட்கார்ந்து ஒரு மனுஷன் மூச்சு விடுகிறானா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்க முடியாது. கேட்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

“ஏன் நிக்குது?” என்றார் பின்னாலிருந்து. “தெரியலீங்க. பஸ் நிக்குது.” “பஸ்ஸுக்கு முன்னாடி?” “வளைவு, தெரியல.” “ஹேண்ட் பிரேக் போடு.” “போட்டாச்சுங்க.” போட்டிருந்தாள்தான், ஆனாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷம் இந்த மலையில் டாக்சி ஓட்டிய ஆள் பின்னால் உட்கார்ந்திருக்க, குன்னூர் தபாலாபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது சில நேரம் அவளுக்கே சிரிப்பாக இருக்கும். அவருக்கு நுரையீரல் இறுகத் தொடங்கி, இரண்டு படி ஏறினாலே உதடு நீலமாகிற நிலை வந்த பிறகுதான் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அவர் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர மூச்சு இல்லை என்றார். அது உண்மையா கோபமா என்று இன்றுவரை தெரியாது. இன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். போன தடவை ஊதி முடித்ததும் அந்த டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சராசரியா நாலு வருஷம்னு சொல்லுவோம்மா, ஆனா ஆளுக்கு ஆள் மாறும்” என்றார். சராசரி. செசிலிக்கு அந்த வார்த்தையைத் தெரியும். கார் வாங்கும்போதும் அதைத்தான் சொன்னார்கள்.

கம்பெனிக்காரன் லிட்டருக்கு இருபத்தேழு என்று போட்டிருந்தான். எங்கே ஓட்டிப் பார்த்தானோ, எந்தச் சமவெளியில், எந்த வெயிலில், ஏ.சி. போடாமல், ஒண்டி ஆளாக. குன்னூர்த் தெருக்களில் பதினாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பதினொன்று, சில நாள் பத்தரை. இறங்கும்போது திரையில் தொண்ணூற்றொன்பது வரை போய், அதற்கு மேல் காட்டத் தெரியாமல் அங்கேயே நிற்கும். பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், ஏதோ காற்றிலேயே ஓடுகிற மாதிரி, ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும், ஏற்றமும் இறக்கமும் சேர்த்தால் பத்தொன்பது. அருளப்பனின் வேன் ஏறினாலும் இறங்கினாலும் பன்னிரண்டு. அதில் ஒளிவுமறைவு இல்லை. முள்ளைப் பார்த்தால் எத்தனை தூரம் போகும் என்று சொல்லிவிடுவார், சொன்னால் அது போகும். இந்தக் காரில் இப்போது பெட்ரோல் அளவில் கடைசிக் கோடு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் எண்பத்தைந்து கிலோமீட்டர் போகும் என்று எழுத்து. காலையில் குன்னூரில் பங்க் முன்னால் வரிசை. அவருக்கு நேரமாகிவிடும், இறக்கம்தானே, எண்ணெயே குடிக்காது, கீழே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். அவர் கேட்டார், “எண்ணெய் இருக்கா?” என்று. “இருக்குங்க” என்றாள். எண்பத்தைந்து இருந்ததுதானே. பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

பின்னால் கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப்பிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் இறங்கி, பஸ்ஸைத் தாண்டி வளைவு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள். “மரம் விழுந்திருக்குதுங்கக்கா. பெரிய மரம், மண்ணோட சேர்ந்து சரிஞ்சு ரோட்டை அடைச்சுருக்குது. கீழ இருந்து ஜேசிபி வரோணும்.” “எவ்வளவு நேரம் ஆகுங்க?” “அதெப்படிக்கா சொல்றது. ஒரு மணி நேரமும் ஆகும், மூணும் ஆகும்.” பின் சீட்டைக் குனிந்து பார்த்தார், குழாயைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்கா?” “ஆமாங்க.” “திரும்பி மேல போயிரலாம்னாலும் முடியாதுங்க, எனக்குப் பின்னாடி முப்பது வண்டி நிக்குது” என்று சொல்லிவிட்டு, ஏதாவது வேண்டுமானால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம். மூன்று. செசிலி கண்ணாடியை ஏற்றினாள். மெஷினுக்குள் இருக்கும் சின்ன பாட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். அதுவும் இருபத்தேழு மாதிரிதான். அவர் நிதானமாக மூச்சு விட்டால் இரண்டு மணி நேரம். இருமினால், பதற்றப்பட்டால், மேலும் மேலும் இழுத்தால் அதில் பாதிகூட வராது. அதனால்தான் காரின் சாக்கெட்டில் ஒயரைச் சொருகி வைத்திருந்தாள். கார் உயிரோடு இருக்கிறவரை மெஷினுக்குக் கவலையில்லை. கார் உயிரோடு இருக்க அதன் பெரிய பாட்டரி வேண்டும். பாட்டரி இறங்கினால் இன்ஜின் தானே ஓடி ஏற்றிக்கொள்ளும். இன்ஜின் ஓட பெட்ரோல் வேண்டும். கடைசிக் கோடு. ஒன்றன் தலையில் ஒன்றாக அடுக்கிய டம்ளர்களைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மலை இறங்கியதில் பாட்டரி நிறைந்திருந்தது. எட்டுக் கோடும் பச்சை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாயிற்று. கொஞ்சம் பொறுத்து ஆறு. ஆறிலிருந்து நாலுக்குச் சட்டென்று இறங்கியது, ஐந்து என்று ஒன்று இல்லவே இல்லாத மாதிரி. இது அவளுக்குத் தெரிந்த பயம். வாங்கும்போதே எட்டு வருஷம் ஓடிய வண்டி இது. குன்னூரில் ஹைப்ரிட் பார்க்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் பாட்டரியில் ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டு, “பழைய பாட்டரி வேகமா ஏறும், வேகமா இறங்கும் டீச்சர்” என்றான், அவள் டீச்சர் இல்லை, கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்கு டீச்சர், “பத்து வருஷம் வந்தாலும் வரும், பன்னண்டும் வரும். சிலது சொல்லாம கொள்ளாம நின்னுரும். உள்ள நூத்தியிருபது செல்லு இருக்கு, ஒண்ணு படுத்தாப் போதும், மத்ததையும் இழுத்துட்டுப் படுத்துரும்.” டீசலில் இப்படி எதுவும் இல்லை. டீசல் சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் புகை நிறம் மாறும், அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், ஏற்றத்தில் இழுவை குறையும், ஆயில் குடிக்கும், ஒரு வருஷம் முனகும், இரண்டு வருஷம் முனகும். அருளப்பன் நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியும் அந்த இன்ஜினைத் திறக்கவில்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார், ‘ஹெட்டைத் தொட்டதில்ல’ என்று. அந்த வேனை வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டு போகிற அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, அது கேட் தாண்டி, மார்க்கெட் மேடு ஏறி, சத்தம் தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார். புது டீசல் ஒன்று வாங்கலாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். புது டீசலில் புகையைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் உண்டு, நெடுஞ்சாலையில் வேகமாக விரட்டினால்தான் அதில் படிந்த கரி எரியும், குன்னூரில் ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், பக்கத்து வீட்டு ஜோசப்புக்கு மாதம் ஒருமுறை அந்த விளக்கு எரிந்தது என்று எல்லாவற்றையும் படித்து, கேட்டு, எடுத்துச் சொல்லி, இந்தக் கார்தான் என்று முடிவு செய்தது அவள்தான். கரி அடைத்துக்கொண்ட ஃபில்டரைப் பற்றிச் சொல்லும்போது அவர் அவளைப் பார்த்த பார்வை. என்ன சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. புகையால் வந்த நோய் இல்லை, காரணம் தெரியாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். காரணம் தெரியாது என்றால் புகை இல்லை என்று எப்படித் தெரியும்? அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

காரின் இன்ஜின் தானாக ஓட ஆரம்பித்தது. கோடு இரண்டுக்கு வந்திருந்தது. “ஸ்டார்ட் ஆயிருச்சு” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே. “பாட்டரிக்குங்க.” “ம்.” எண்பத்தைந்து எழுபத்தொன்றாயிற்று. நின்ற இடத்தில் நின்றுகொண்டே பதினாலு கிலோமீட்டர் போய்விட்டது. கோடுகள் சரசரவென்று ஏறின, இரண்டு, நாலு, ஆறு. அப்பா என்று பெருமூச்சு விடும்போதே இன்ஜின் அணைந்தது, மறுபடி கோடு இறங்க ஆரம்பித்தது. இன்னும் நாலு தடவை அப்படி ஓடி அணைந்ததில் எழுபத்தொன்று பதினைந்தாயிற்று. முன்னால் நின்ற பஸ் இன்ஜினை அணைக்கவே இல்லை. அதன் புகைக்குழாய் அவள் காருக்கு நேராக இருந்தது, சாம்பல் நிறத்தில் கக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளை மூடியிருந்தாள், காற்று உள்ளேயே சுழலும்படி ஏ.சி. பட்டனை அழுத்தியிருந்தாள், ஆனாலும் அந்த வாடை வந்தது, அவளுக்குப் பழக்கமான வாடை, அருளப்பனின் காக்கிச் சட்டையில் முப்பது வருஷம் அவள் துவைத்த வாடை. ஏ.சி. ஓடினால் பாட்டரி இறங்கும். ஏ.சி.யை அணைத்தால் கண்ணாடியைத் திறக்க வேண்டும். திறந்தால் புகை. அவர் இருமினார். ஒருமுறை இருமினால் நிற்காது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, கழுத்து நரம்பு புடைக்க இருமினார், மெஷின் புஸ் புஸ் புஸ் என்று அவரைத் துரத்தி ஓடியது. செசிலி கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கிய பிறகுதான் ஹேண்ட் பிரேக் போட்டோமா என்று திரும்பிப் பார்த்தாள். போட்டிருந்தாள்.

பஸ் டிரைவர் இளவயதுக்காரர், ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்திருந்தார். “தம்பி, கொஞ்சம் இன்ஜினை ஆஃப் பண்றீங்களா? பின்னாடி எங்க வீட்டுக்காரருக்கு மூச்சுக் கோளாறு. புகை முழுக்க எங்க வண்டிக்குத்தான் வருது.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆஃப் பண்ணா மறுபடி எடுக்காதுங்கம்மா. செல்ஃப் வீக்கா இருக்கு. ஊட்டியிலேயே தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணோம். இங்க முன்னாடி இடமே இல்ல பாருங்க, எப்படி உருட்டறது?” சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் என்ன முகத்தோடு நின்றாளோ. சாவியைத் திருப்பினார். பஸ் ஒரு உதறு உதறி நின்றது. “போங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்.” கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு நாலடி நடந்ததும் அடுத்த பயம் எதிரே வந்து நின்றது. மறுபடி எடுக்காவிட்டால்? வழி திறந்து, எல்லா வண்டியும் போக, இந்த பஸ் மட்டும் நடு ரோட்டில் செத்துக் கிடந்தால், அதன் பின்னால் தன் கார்? ஒரு புகையை நிறுத்தப் போய் வழியையே அடைத்துவிட்டேனோ? அப்படியானால் இன்ஜின் ஓடட்டும் என்று திரும்பப் போய்ச் சொல்வதா? அதுவும் இனி ஆகாது, அணைத்தாயிற்று. செய்வது எல்லாமே இப்படித்தான் ஆகிறது. வேனை விற்றது. இந்தக் காரை எடுத்தது. பங்க்கைத் தாண்டி வந்தது. ஒவ்வொன்றும் செய்யும்போது சரியாகத்தான் இருக்கிறது.

காருக்குள் ஏறினால் வேறொரு சத்தம். பின்பக்கம் எங்கோ ஒரு விசிறி வீறிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது, குக்கர் விசில் வரப் போகிறபோது சீறுமே அப்படி. இருமல் நின்றிருந்தது, அவர் தலையைச் சாய்த்துக் கிடந்தார். திரையில் மஞ்சளாக ஒரு முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி, கீழே ஆங்கிலத்தில் ஹைப்ரிட் பாட்டரி சூடாகிவிட்டது, பத்திரமான இடத்தில் நிறுத்தவும். பத்திரமான இடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், முன்னால் உயிரில்லாத பஸ். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்றான் அந்த மெக்கானிக். இல்லை, சொல்கிறதே, இதோ சொல்கிறது, சொல்லும்போது என்ன செய்ய வேண்டும், அவள் படித்திருக்கிறாள், காரோடு வந்த புத்தகத்தை வரி வரியாகப் படித்தவள், ஆனால் இப்போது மண்டைக்குள் ஒரு எழுத்துக்கூட இல்லை, தபாலாபீஸ் முத்திரைதான் கண்ணில் வருகிறது, டக், டக். விசிறி. பாட்டரியைக் குளிர வைக்கிற விசிறி. அது காற்றை எங்கிருந்து இழுக்கும்? வண்டிக்குள்ளிருந்துதான், பின் சீட்டுக்குக் கீழே, ஓரத்தில் ஒரு சல்லடை, அதை மறைக்கக் கூடாது என்று ஒரு படம், படத்தின் மேல் சிவப்புக் கோடு. அவள் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிக் குனிந்தாள். அவர் கால் குளிரும் என்று காலையில் அவளே எடுத்து வைத்த கம்பளி சரிந்து, அந்தச் சல்லடையோடு சல்லடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. விசிறி அதை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. வாயைப் பொத்தின மாதிரி. பிடுங்கினாள். துணி விடமாட்டேன் என்றது, இன்னொரு தடவை பிடுங்கியதும் வந்தது. விசிறியின் சுருதி மாறியது. முக்கோணம் போகவில்லை. கையை வைத்துப் பார்த்தாள், சீட்டின் அடிப்பாகம் ஜுரம் கண்ட பிள்ளையின் முதுகு மாதிரி கொதித்தது. இப்படியே ஓட விட்டால் இன்னும் சூடேறும். அணைத்தால் ஆறும். அணைத்தால் மறுபடி வருமா? பஸ் டிரைவர் அணைத்தாரே. மறுபடி எடுக்காது என்று அவருக்கு மட்டும் தெரியாதா?

“என்னாச்சு?” என்றார் அருளப்பன். “சூடாயிருச்சுங்க. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி ஆற வைக்கணும். மெஷின் அதோட பாட்டரியில ஓடும். பயப்படாதீங்க.” “சரி. பண்ணு.” பட்டனை அழுத்தினாள். பச்சை ‘ரெடி’ போயிற்று, முக்கோணம் போயிற்று, திரை கறுத்தது. மெஷின் மட்டும் இரண்டு முறை கீச்சிட்டுத் தன் சொந்த பாட்டரிக்கு மாறிக்கொண்டது. இப்போது மலையில் எங்குமே இன்ஜின் ஓடவில்லை. மேலே வரிசையில் எல்லா வண்டியும் அணைந்திருக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் விழுவது கேட்டது. மழைக்கு நனைந்த மண் வாடை. ஒரு கருமந்தி எங்கோ உறுமியது. கதவுகளைத் திறந்து வைத்தாள், புகை இல்லாத காற்று உள்ளே வந்தது. புஸ். இத்தனை வருஷத்தில் இந்த ரோட்டில் இவ்வளவு அமைதியாக அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. அவள் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஷினின் பாட்டரிக் கோடுகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தாள். நாலில் மூன்று. புஸ். அவர் கையைப் பிடித்தாள், விரல் நுனி சில்லென்று, மேளம் அடிக்கிற குச்சியின் நுனி மாதிரி உருண்டு. வண்டிச் சாவி, நட்டு, போல்ட்டு என்று எதையாவது திருகிக்கொண்டே இருந்த விரல்கள். “செசிலி.” “சொல்லுங்க.” “பயமா இருக்கா?” “இல்லீங்க. ஆறிரும். ஆறினா வந்துரும்.” புஸ். மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. “எனக்கு இருக்கு” என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார். நள்ளிரவில் யானை மறித்தபோதும், மழையில் பிரேக் பிடிக்காமல் வேன் பாறையில் உரசி நின்றபோதும் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்ன ஆள். இந்த நோய் வந்து இரண்டு வருஷமாக அவர் காரைத் திட்டினார், மலையைத் திட்டினார், சோற்றைத் திட்டினார், இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லிவிட்டாள், அவர் பொய் சொல்லவில்லை. “எனக்கும்தாங்க” என்றாள் பிறகு. “ரொம்ப.” அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேர் ஒரே திசையில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று அவள் பார்க்கவில்லை. சீட்டின் அடியில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள், கொதிப்பு வெதுவெதுப்பாகி, வெதுவெதுப்பு அடங்கி, சீட்டுத் துணி வெறும் துணியாயிற்று. மெஷினில் மூன்று கோடு ஒன்றாகி, அந்த ஒன்றும் மஞ்சளாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிட வேகமாக, எதிர்பார்த்த மாதிரியே. கீழே எங்கோ ஜேசிபி பின்னால் நகரும்போது அடிக்கிற மணி கேட்டது, கிளை முறிகிற சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம். முன்னால் போய் உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்தாள். விரலைப் பட்டன் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. அழுத்தாத வரை அது வரக்கூடிய வண்டி. அழுத்தி வராவிட்டால் அது வராத வண்டி. அந்த டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும் இப்படித்தான், அவர் வாயைத் திறக்காமலேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. புஸ். புஸ். பின்னால் அவர் விழித்துக்கொண்டு அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. யேசுவே என்றாள், வாய்க்குள். அழுத்தினாள். திரை வெளுத்தது, எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, சிவப்பு, மஞ்சள், முக்கோணமும் எரிந்தது, ஒவ்வொன்றாக அணைந்தன, முக்கோணம் கடைசியாக, கடைசிக்கும் கடைசியாக அணைந்தது. பச்சை எழுத்து வந்தது. சத்தமே இல்லை. மெஷின் கீச்சென்று காரின் கரண்டுக்கு மாறியது. பெட்ரோல் பக்கம் பார்த்தாள். எண் இல்லை. எண் இருந்த இடத்தில் மூன்று சிறு கோடுகள் மட்டும். இத்தனை தூரம் போகும் என்று சொல்வதையே வண்டி விட்டுவிட்டது.

வரிசை நகர்ந்தது. பஸ் நகரவில்லை. முன்னால் இருந்த வண்டிகள் வளைவில் மறைந்து, பஸ்ஸுக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது, பின்னால் முப்பது வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கேரட் வண்டிக்காரர் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு ஓடினார், பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், செசிலியும் இறங்கிப் பின்பக்கத் தகட்டில் கையை வைத்தாள். “அக்கா, நீங்க போங்க, நாங்க தள்றோம்.” “இல்லீங்க, என்னாலதான் ஆஃப் பண்ணாரு.” தள்ளினார்கள். தகடு மழை ஈரத்தில் வழுக்கியது. பஸ் அசைந்தது, உருண்டது, இறக்கம் அதைப் பிடித்துக்கொண்டது, டிரைவர் கிளட்ச்சை விட்டதும் பஸ் ஒருமுறை விக்கி, கறுப்பாக ஒரு மேகத்தைக் கக்கி, உறுமி எழுந்தது. எல்லோரும் கூவினார்கள். அந்தப் புகை முகத்தில் அடிக்க அவள் ஓடிவந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பஸ் எழுந்த மாதிரியே மலையெங்கும் லாரியும் வேனும் எழுந்தன, பாறை அதிர்ந்தது, அந்த இரைச்சலில் பின் சீட்டுச் சத்தம் மூழ்கிப்போனது. கொண்டை ஊசி வளைவு எதிரே வந்தது, திரும்பிப் பார்க்க முடியாது, கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை, தலையணையின் மூலைதான் தெரிந்தது. “என்னங்க.” மரம் கிடந்த இடத்தில் சேறு, டயர் வழுக்கியது, ஒரு போலீஸ்காரர் வா வா என்று கையை வீசினார். “என்னங்க!” “ரோட்டைப் பாரு” என்றார் அருளப்பன். அவள் ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கித்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்தாள். இறக்கம் முழுக்க இன்ஜின் எண்ணெய் கேட்கவில்லை, வண்டி தன் கனத்திலேயே இறங்கியது, பாட்டரிக் கோடுகள் மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறின. கல்லாறு பாலம், பாக்குத் தோப்பு. அங்கிருந்து தரை சமமாகிறது, இனி இறக்கம் தராது, இனி இருப்பதை வைத்துத்தான் போக வேண்டும். இன்ஜின் ஓடியது. நின்றது. ஓடியது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இதுதான் கடைசி என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஓட்டினாள்.

மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் முதல் பங்க்கில் திருப்பி, குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, வண்டியை அணைத்தாள். கை ஸ்டீயரிங்கை விடவில்லை. விட வேண்டும் என்று தெரிகிறது, விரல்கள் கேட்கவில்லை. சீருடை போட்ட ஒரு பெண் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். “டீசலாக்கா, பெட்ரோலா?” செசிலி ஒரு கையை மட்டும் விடுவித்துக் கீழே கொண்டுபோனாள். லிவரை இழுத்தாள், பெட்ரோல் மூடிக்குப் பதிலாக முன்னால் பானெட் டொப்பென்று திறந்துகொண்டது, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “எவ்வளவுக்குக்கா?” பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. “பெட்ரோல்மா” என்றார் அருளப்பன். மூச்சு வாங்கினார், மெஷின் தள்ளியது, அதற்குக் காத்திருந்து மீதியைச் சொன்னார், “டேங்க்கை நிரப்பிரு. திரும்பி மலை ஏறணும்ல.” செசிலி கையை எடுத்து, கீழே தடவி, சரியான லிவரைத் தேடி இழுத்தாள். “ஜீரோ பாத்துக்கோங்கக்கா” என்றாள் அந்தப் பெண். பார்த்தாள். பூஜ்யம் நின்றது. பிறகு எண்கள் ஓட ஆரம்பித்தன.